சிக்னல் அக்காவும் ஒரு சாண் தெளிவும்

"மெஷின் நகராது. நீங்கதான் நகரணும். இன்னும் கொஞ்சம் முன்னால. போதும். மூச்ச இழுங்க... பிடிங்க... அப்படியே..."

சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். "விடலாம்" என்கிறார். அவ்வளவுதான். அடுத்த ஆள் உள்ளே வரலாம்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், இருபத்து மூன்று வருஷமாக இந்த அம்மா எக்ஸ்ரே எடுக்கிறார். வயது ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறையும். குள்ளமான உருவம், அகலமான கை. கூந்தலை இறுக்கிச் சுருட்டி அதில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார். எழுத வேண்டிய நேரத்தில் மட்டும் அந்தப் பென்சில் எங்கே என்று மேசை முழுக்கத் தேடுவார். என் தோளைப் படம் எடுத்துவிட்டு என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துத்தான் பேசினார். "நீங்க தச்சு வேலையா? வலது தோள் ரெண்டு ஆள் வேலை பாத்திருக்கு, இடது தோள் சும்மா உக்காந்து சாப்பிட்டிருக்கு."

இவரை எனக்கு அதற்கு முன்பே தெரியும்; முகத்தைப் பார்க்காததால் அவருக்குத்தான் என்னை அடையாளம் தெரியவில்லை. எங்கள் நாடகக் குழுவில் இவரைத் தெரியாதவர் கிடையாது. அங்கே இவருக்குப் பெயர் சிக்னல் அக்கா.

நான் அந்தக் குழுவுக்குக் கதவு, மேசை, கட்டில் எல்லாம் செய்து போடுகிறவன். நாடகம் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்த அம்மாவைப் பற்றி எழுதலாம். நான் கூடவே இருந்தேன்.

எங்கள் குழுவில் யாரும் முழுநேர நடிகர் கிடையாது. கதாநாயகி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். செத்துப்போகிற அப்பாவாக நடிப்பவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். டீச்சர் ஒரு தடவை வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு போனபோதுதான் இந்த அம்மாவுடன் பழக்கம். டீச்சரின் எலும்பை முதலில் பார்த்து, முகத்தை அப்புறம் பார்த்தவர் இவர். "போட்டோ எடுப்பேன், எலும்பு மட்டும் இல்ல, ஆளையும் எடுப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் புதிது வாங்கியபோது கழித்துப்போட்ட கேமராவை இவர் வாங்கி வைத்திருந்தார். மிரர்லெஸ் என்கிற வகை. உள்ளே கண்ணாடி ஏறி இறங்குகிற வேலை இல்லாததால் சத்தம் காட்டாமல் படம் எடுக்கும். டீச்சர் நாடகத்துக்குக் கூப்பிட்டார். வினை அங்கே ஆரம்பித்தது.

முதல் காட்சியில் அப்பா செத்துக் கிடக்கிறார். நான் செய்த கட்டில். டீச்சர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழாமல் அழுகிறார். அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அப்போது பார்த்து, செத்தவர் நெற்றியில் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழுந்தது. இருட்டில் கண் தெரியாத கேமரா, எதிரே இருப்பதைத் தேடுவதற்காகத் தானாகவே ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளுமாம். அது யாருக்குத் தெரியும்? வெளிச்சம் நெற்றியிலிருந்து இறங்கிக் கண்ணில் விழுந்ததும் செத்தவர் ஒரு கண்ணைச் சுருக்கினார்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயா, சிக்னல் இன்னும் செவப்புலதான் இருக்கு, எந்திரிச்சிடாதீங்க!"

அரங்கம் சிரித்தது. செத்தவரின் வயிறும் குலுங்கியது. எங்கள் டைரக்டர் பல்லைக் கடித்தது மேடைக்குப் பின்னால் இருந்த எனக்கே கேட்டது. அவர் தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர். முத்திரை குத்துவது மாதிரியே பேசுவார். இடைவேளையில் நேரே வந்து நின்றார்.

"ஏம்மா, உங்க எக்ஸ்ரே ரூம்ல வந்து நான் டான்ஸ் ஆடுனா உங்களுக்குப் படம் விழுமா?"

வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார்கள். இந்த அம்மா யோசித்துப் பார்த்துப் பதில் சொன்னார். "விழாது சார். கலங்கிப்போயிரும்."

"அப்ப வெளிய போங்க."

போனார். மறுநாளே ஆஸ்பத்திரி பிளாஸ்டரை மூன்று அடுக்காக வெட்டி அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். விளக்கை அணைத்து வைக்கிற வழி கேமராவிலேயே இருக்கிறது என்று பிற்பாடு அவர் மகள் காட்டிக்கொடுத்தாள். அப்போதும் பிளாஸ்டரை எடுக்கவில்லை. "இருக்கட்டும், எனக்கு ஞாபகம் இருக்கணும்" என்றார். கேமராவின் முகத்தில் கொப்புளத்துக்கு மருந்து வைத்த மாதிரி அந்த வெள்ளைத் துண்டு அப்படியே இருந்தது.

டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஒத்திகைக்கு மறுபடி அழைத்துவந்தார். இந்தத் தடவை விளக்கு எரியவில்லை. ஆனால் கேமராவோடு வந்த லென்ஸ், இருட்டில் வழி தெரியாத ஆள் மாதிரி முன்னே போவதும் பின்னே வருவதுமாக முனகியது. கடைசியில் அதற்குப் பிடித்த ஓர் இடத்தில் போய் நின்றது. படத்தைப் பார்த்தால் டீச்சர் புகை மாதிரி இருக்கிறார். பின்னால் தொங்கும் திரைச்சீலையில் இருந்த பூவின் நூலை எண்ணலாம்.

டைரக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். "திரைச்சீலை நல்லா நடிச்சிருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சிக்னல் அக்காவுக்குக் கோபம் டைரக்டர் மேல் இல்லை. லென்ஸ் மேல். வெளியே டீக்கடையில் நின்று என்னிடம் பொரிந்து தள்ளினார். "இதுக்கு மூளை ஜாஸ்தி அண்ணே. எதப் பாக்கணும்னு அதுவே முடிவு பண்ணுது. எங்க எக்ஸ்ரே மெஷின் அப்படியா? தூரத்த அளந்து வச்சா வச்சதுதான். எனக்கு மூளையில்லாத லென்ஸ் வேணும்."

அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. கேமரா செய்த கம்பெனி விற்கிற நல்ல லென்ஸ் இவருடைய மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆனால் வேறு யாரோ, பெயரே கேள்விப்படாத கம்பெனிக்காரர்கள், அதே கேமராவில் பொருந்துகிற மாதிரி லென்ஸ் செய்து ஒரு மிக்ஸி விலைக்கு விற்கிறார்கள். தானாக எதுவும் செய்யாது. வளையத்தைக் கையால் திருகித்தான் தெளிவாக்க வேண்டும். ஆனால் வாய் அகலம். கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். மகள் இணையத்தில் தேடிப் பிடித்து வரவழைத்தாள். இரும்புக் குண்டு மாதிரி கனமாக ஒரு சாமான் வந்து இறங்கியது. நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். என் சிற்றுளியைவிட நல்ல வேலைப்பாடு. வளையத்தைத் திருப்பினால் எண்ணெய் போட்ட கீல் மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

கேமராவில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. திரையில் 'லென்ஸ் இல்லை' என்று வந்தது.

இவருடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வாய் சும்மா இருக்காது. "நல்லாப் பாரு, கேமராவே சொல்லுது. காச வாங்கிக்கிட்டு டப்பாவ அனுப்பிட்டாங்க. நீ ஒரு ஆளு, உன்ன ஏமாத்த ஒரு கம்பெனி."

இரண்டு நாள் அந்த வீட்டில் இதே பாட்டுத்தான். சோற்றில் உப்பில்லை என்றால், "உப்பு இல்லைன்னு நாக்கு சொல்லுது, ஆனா இருக்கும்" என்பாராம். மூன்றாம் நாள் மகள்தான் கண்டுபிடித்தாள். இந்த மாதிரி லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவே கம்பித் தொடர்பே இல்லை. அதனால் லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. 'லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு' என்று உள்ளே ஓர் இடத்தில் அனுமதி கொடுக்க வேண்டும்.

"பாவம், வாயில்லாத பிள்ளைகிட்டப் போய்ப் பேரு என்னன்னு கேட்டா எப்படிச் சொல்லும்?" என்று லென்ஸுக்காகப் பரிந்து பேசினார் சிக்னல் அக்கா. வீட்டுக்காரர் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். "பேசாத பொருள இந்த வீட்டுல இப்பத்தான் பாக்கறேன்."

அதன்பிறகு இந்த அம்மா செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நீளப் பெஞ்சில் காலி குளுக்கோஸ் பாட்டில்களை வரிசையாக நிறுத்துவார். அடிக்கு ஒரு பாட்டில். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது அடி என்று எழுதிய சீட்டு. இந்தக் கோடியில் கேமரா. வளையத்தில் போட்டிருக்கும் எண்ணில் நிறுத்தி எடுத்துப் பார்ப்பார். பன்னிரண்டு அடி என்று அச்சடித்த இடத்தில் நிறுத்தினால் பதினோராவது அடி பாட்டில்தான் தெளிவாக இருந்தது. எட்டில் நிறுத்தினால் ஏழரை. மலிவான சாமானில் அப்படித்தான் இருக்குமாம்.

"பொய் சொல்லுதே, திருப்பி அனுப்பிடுங்க" என்றேன்.

"ஏன் அனுப்பணும்? பத்து நாளாப் பாக்கறேன், தினம் ஒரே பொய்யத்தான் சொல்லுது. ஒரே பொய்யச் சொல்றவங்கள நம்பலாம் அண்ணே. மாத்தி மாத்திச் சொல்றவங்களத்தான் நம்பக் கூடாது."

அச்சடித்த எண்களை மறந்துவிட்டார். அதே ஆஸ்பத்திரி பிளாஸ்டரை நூல் மாதிரி மெல்லிசாகக் கத்தரித்து வளையத்தின் மேல் ஒட்டினார். இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை, விரலுக்குத் தெரிய வேண்டும். ஒரு கோடு வந்தால் வாசற்கதவு. இரண்டு கோடு மேசை. மூன்று கோடு ஜன்னல். மூன்றும் நான் செய்தவை. எங்கள் மேடை முழுவதும் அந்த வளையத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் போகும்போதும் மடியில் கேமராவை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு திருகுவார். "கதவு... மேசை... ஜன்னல்... மேசை..." பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

லென்ஸில் குறை இல்லாமல் இல்லை. எதிர் வெளிச்சம் பட்டால் படத்தின் மேல் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். வெள்ளைச் சட்டைக் காலரில் ஊதாக் கரை கட்டும். நாலு மூலையும் மங்கல். நான் மூலையைக் காட்டிச் சொன்னபோது, "மூலையில யாரு நடிக்கிறா?" என்று கேட்டார்.

இனி தீக்குச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நாடகத்தில் கடைசிக்கு முந்தின காட்சி. வீட்டில் மின்சாரம் இல்லை. காணாமல்போன மகனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அம்மாவாக நடிக்கும் டீச்சர் இருட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு தீக்குச்சியைக் கிழிக்கிறார். அந்த வெளிச்சத்தில் கடிதத்தைப் படிக்கிறார். கடைசி வரிக்கு வருவதற்குள் குச்சி அணைந்துவிடும். வேறு ஒரு விளக்கும் கிடையாது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு குச்சிக்குத்தான் அரங்கத்துக்காரர்கள் அனுமதி. எரிகிற நேரம் ஐந்தாறு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். நாடகம் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது அந்த முகத்தைப் பற்றித்தான்.

அந்த முகம் ஒரு படத்தில்கூட இல்லை. பக்கத்து நகரத்துப் பெரிய அரங்கத்தார் எங்களைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியின் படம் ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். டைரக்டர் இரண்டு பெரிய கேமராக்காரர்களைக் கூட்டிவந்தார். பீரங்கி மாதிரி லென்ஸ். குச்சி எரிந்ததும் அந்த லென்ஸ்கள் முன்னும் பின்னும் தேடின. கண்டுபிடிப்பதற்குள் குச்சி அணைந்தது. ஒருவர் படத்தில் நெருப்பு மட்டும் இருந்தது. இன்னொருவர் படத்தில் இருட்டு மட்டும் இருந்தது.

"சிக்னல் அக்காவ ஒரு தடவ விடுங்க சார்" என்றார் டீச்சர்.

டைரக்டர் வேறு வழி இல்லாமல் தலையாட்டினார். பிறகு ஆளனுப்பி இவரை வரவழைத்தார். "இன்னிக்கு ஒரு நாள். முதல் வரிசையில உக்காருங்க. துளி சத்தம், துளி வெளிச்சம் வந்துச்சு, இந்த வாசப்படிய இனிமே நீங்க மிதிக்கக் கூடாது. படம் விழலைன்னாலும் அதேதான்."

"சரி சார்."

என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துலயே உக்காருங்க. ஏதாவது மின்னுச்சுன்னா கேமராவப் பிடுங்கிடுங்க." ஆக, காவல்காரன் வேலைக்கு என்னைப் போட்டார்.

அன்று மதியம் மூன்று மணிக்கே சிக்னல் அக்கா வந்துவிட்டார். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். நாற்காலியிலிருந்து கதவுக்கு, மேசைக்கு, ஜன்னலுக்கு எல்லாம் அளந்தார். மேசையில் டீச்சர் முகம் இருக்கும் இடம் சரியாகப் பன்னிரண்டு அடி. வளையத்தில் இரண்டு கோட்டை அதற்குத் திருத்தி ஒட்டினார். டீச்சரை உட்கார வைத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். இமை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. திருப்தியாக ஒரு டீ குடிக்கப் போனார்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். மேசையில் கை வைத்துப் பார்த்தேன், கிரீச்சென்றது. காலுக்குக் கீழே மேடைப் பலகை ஒன்று தளர்ந்திருந்தது. அமைதியான காட்சியில் மேசை முனகினால் டைரக்டர் என்னையும் வாசலுக்கு அனுப்பிவிடுவார். மேசையையும் நாற்காலியையும் ஜனங்கள் பக்கமாக ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டேன். கிரீச் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சாண் நகர்ந்தால் குடியா முழுகிவிடும்?

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே தள்ளினார். வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டார். கடிகாரம், கொண்டையில் இருந்த பென்சில், எல்லாம் உள்ளே போயின. கேமராவின் பின் திரையை மூடிவிட்டுக் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னலை மட்டும் விட்டுவைத்தார். ஆபரேஷனுக்குத் தயாராகிற மாதிரி இருந்தது.

"பயமா இருக்காம்மா?" என்றேன்.

"குச்சி வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம் அண்ணே. அதனால லென்ஸ் வாய முழுசாத் தொறந்து வைக்கணும். தொறந்து வச்சா ஒரு சாண் கனத்துக்குத்தான் தெளிவு இருக்கும். டீச்சர் முகத்துக்கு முன்னால அரைச் சாண், பின்னால அரைச் சாண். அத விட்டுத் தள்ளிப்போனா புகைதான்." கையை விரித்து எனக்கு அளந்து காட்டினார். விளக்குகள் அணைந்தன.

நான் மேசையை இழுத்துப் போட்டதும் அதே ஒரு சாண்தான்.

எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் அது சத்தம். எனக்கு நேர் பின்னால், இரண்டாவது வரிசையில், டைரக்டர். நாடகம் போய்க்கொண்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் செத்தார், நல்லபடியாகவே செத்தார். இந்த அம்மா சத்தமில்லாமல் கதவில் ஒரு படம், ஜன்னலில் ஒரு படம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். நான் செய்த கதவு, நான் செய்த ஜன்னல். நான் நகர்த்திய மேசை மட்டும் அங்கே உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். படம் விழவில்லை என்றால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. மலிவான லென்ஸ், இவ்வளவுதான் வரும் என்று முடித்துவிடுவார்கள். இந்த அம்மாவும் குளுக்கோஸ் பாட்டில்களை எடுத்து அடுக்கிவிட்டுப் போய்விடுவார்.

அது எனக்குப் பொறுக்கவில்லை.

கடிதக் காட்சிக்காக எல்லா விளக்கும் அணைந்தது. டீச்சர் நடந்து வந்து நாற்காலியில் உட்காருகிற காலடிச் சத்தம். அந்த இருட்டில் இவருடைய முழங்கையைத் தேடிப் பிடித்தேன். அவர் துள்ளி விழவில்லை. தினமும் நூறு பேரைத் தொட்டுத் திருப்பி நிறுத்துகிற ஆள். அவர் முன்கையின் மேல் என் கையை விரித்து ஒரு சாண் வைத்தேன். வைத்துவிட்டு, அப்படியே அந்தச் சாணை மேடைப் பக்கமிருந்து அவர் பக்கமாக இழுத்தேன். மேசை இவ்வளவு உங்கள் பக்கம் வந்திருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

இவருடைய கட்டைவிரல் வளையத்தில் இரண்டு கோட்டின் மேல் இருந்தது. திருகுவார் என்று நினைத்தேன். திருகவில்லை. அந்த இருட்டில் எவ்வளவு திருகுவது என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பதிலாகத் தன் கையை நாற்காலிக் கைப்பிடியில் விரித்து ஒரு சாண் அளந்தார். விளிம்பில் உட்கார்ந்திருந்தவர், தன் உடம்பை அந்த ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

மெஷின் நகராது. நாமதான் நகரணும்.

குச்சி உரசியது.

முதலில் நெருப்பு. பிறகு டீச்சரின் முகவாய், மூக்கு, கண். கடிதம் ஒரு மஞ்சள் இலை மாதிரி மின்னியது. பக்கத்தில் இந்த அம்மாவின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. "மூச்ச இழுங்க..." மேடையில் டீச்சர் மூச்சை இழுத்தார். "பிடிங்க..." கடிதத்தில் என்னவோ ஒரு வார்த்தை வந்துவிட்டது, டீச்சரின் மூச்சு நின்றது. கடிதம், குச்சி, முகம், எல்லாம் அப்படியே நின்றன. இந்த அம்மாவின் விரல் அழுத்தியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. அதற்குள் குச்சி அணைந்துவிட்டது.

இருட்டில் அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் காதோரம் ஒரு குரல், கொசு பறக்கிற அளவுக்கு: "விடலாம்."

நான் விட்டேன்.

ஆட்டம் முடிந்து ஜனங்கள் போனபிறகு ஒப்பனை அறையில் எல்லோரும் கூடினோம். டீச்சர் பாதி வேஷத்தில் இருந்தார். செத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். சிக்னல் அக்கா கேமராவைத் தான் முதலில் பார்க்கவில்லை. அப்படியே டைரக்டர் கையில் கொடுத்தார். "பாருங்க சார். எப்படிப் பெருசாக்கறதுன்னு சொல்றேன்."

டைரக்டர் பார்த்தார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். டீச்சரின் இரண்டு கண்ணிலும் இரண்டு குட்டித் தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. கீழிமையில் விழலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு சொட்டுத் தண்ணீர், அதற்குள்ளே மூன்றாவது குச்சி. மேசை, சுவர், ஜன்னல் எல்லாம் இருட்டில் கரைந்துபோயிருந்தன. உலகத்தில் அந்த முகம் ஒன்றுதான் மிச்சம்.

டீச்சர் வாங்கிப் பார்த்தார். "இருபது தடவ இந்த லெட்டரப் படிச்சிருக்கேன். என் முகம் இப்படி ஆகும்னு எனக்கே தெரியாதே அக்கா."

டைரக்டருக்கு ஏதாவது குறை சொல்லாவிட்டால் தூக்கம் வராது. நெருப்பின் ஓரத்தில் விரலை வைத்தார். "இது என்ன, ஊதாவா ஒரு கோடு?"

"அது லென்ஸோட குறை சார். மலிவு சாமான், அப்படித்தான் வரும். மகள்கிட்டச் சொன்னா கம்ப்யூட்டர்ல எடுத்துடுவா."

"எடுக்கச் சொன்னது யாரு?" என்றார் டைரக்டர். "நெருப்போட ஓரம் அப்படித்தான் இருக்கும். அப்படியே அனுப்புங்க."

அப்படியேதான் போனது. பெரிய அரங்கத்தார் எங்களை மூன்று நாளைக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் வாசலில் ஒன்பது அடி உயரத்துக்கு அந்த முகத்தை மாட்டியிருந்தார்கள், ஊதாக் கரையோடு. பீரங்கி லென்ஸ்காரர் ஒருவர் அதன் முன்னால் நின்று, என்ன லென்ஸ் என்று கேட்டார். சிக்னல் அக்காவின் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். வேனில் எங்களைக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். "லென்ஸே இல்லைங்க. வேணும்னா கேமராவக் கேட்டுப் பாருங்க, அதுவே சொல்லும்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை எடை போட்டால் என் மேசையைவிடக் கனமாக இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு, அந்த ஒப்பனை அறையில், அடுத்து நடந்தது.

டைரக்டர் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஆட்டம் ஆறரைக்கு, நீங்க நாலு மணிக்கு வந்துடுங்க என்று சொன்னார். சாதாரணமாக, நடிகர்களுக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார். சிக்னல் அக்கா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"மேசைய நகத்துனது யாரு?"

"நான்தாம்மா. பலகை கிரீச்சுன்னுச்சு."

"ஒரு சாணா?"

"ஒரு சாண்."

"உங்க சாணா, என் சாணா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் கையைவிட இவர் கை ஒரு விரல்கடை சின்னது. அரைச் சாண் தெளிவுக்குள் அந்த ஒரு விரல்கடையும் அடங்கிப் பிழைத்திருக்கிறது. டீச்சர் சிரித்தார். செத்தவரும் சிரித்தார்.

சிக்னல் அக்கா சிரிக்கவில்லை. செருப்பில்லாத காலோடு மேடைக்கு நடந்தார். மேசைக்குப் பக்கத்தில் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தார். கேமராவை மடியில் வைத்து, அந்தச் சின்ன விளக்கின் மேல் எட்டு மாதமாக ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் கிளப்பினார். ஓரம் அழுக்கேறிக் கெட்டியாகப் பிடித்திருந்தது. மெதுவாக, தோல் உரியாமல் எடுப்பது மாதிரி, மூன்று அடுக்கையும் உரித்தெடுத்தார். அதை, இனி மேசை நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாக, மேசைக் காலுக்குப் பக்கத்தில், பலகையின் மேல் வைத்து, பசை போதுமா என்று பார்த்து, கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தார்.